சாஞ்சி மலை: எந்த வெயிலில் எதைப் பார்ப்பது

போபாலில் சிற்றுண்டி முடித்து, வாடகைக் காரில் பதினோரு மணிக்கு மலையேறி, பெரிய ஸ்தூபியை ஒரு சுற்றுச் சுற்றி, 200 ரூபாய் நோட்டைத் தூக்கிப் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டுக்கு இறங்கிவிடுவது. சாஞ்சிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோரின் பயணம் இதுதான். நோட்டின் பின்பக்கம் இருப்பது இதே ஸ்தூபி என்பதால் படம் எடுப்பதில் தப்பில்லை. நேரம்தான் தப்பு. நண்பகலில் மணற்கல் சிற்பங்களின் மேல் வெயில் தலைக்கு மேலிருந்து கொட்டும். முகங்களில் கண்குழியும் மூக்கும் மட்டும் கறுத்துத் தெரியும், மற்றதெல்லாம் வெளிறிப்போகும். ‘எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது’ என்று அலுத்துத் திரும்புபவர்கள் அந்த நேரத்தில் வந்தவர்கள்.

சாஞ்சிக்குக் குறைந்தது ஒரு பிற்பகலும் அடுத்த நாள் காலையும் வேண்டும். சுற்றியுள்ள மற்ற ஸ்தூபிக் குன்றுகளையும் சேர்த்தால் இன்னொரு நாள். அதற்குப் போபாலில் தங்காமல் சாஞ்சியிலேயே தங்குவது நல்லது. போபாலிலிருந்து 46 கி.மீ. தூரம்தான், ஆனாலும் விடிந்ததும் மலைமேல் நிற்க அங்கிருந்து வருவது சிரமம். மலையடிவாரத்தில் மத்தியப் பிரதேசச் சுற்றுலாக் கழக விடுதியும், ரயில் நிலையத்தை ஒட்டி இலங்கை மகாபோதி சங்கத்தின் எளிய தங்குமிடமும் இருக்கின்றன. இடம் கிடைக்காவிட்டால் 10 கி.மீ. தள்ளி விதிஷா. சென்னையிலிருந்து டெல்லி போகும் ஜி.டி. எக்ஸ்பிரஸ், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரண்டும் போபாலில் நிற்கும். சாஞ்சிக்கும் ரயில் நிலையம் உண்டு. அங்கே நிற்கும் வண்டிகள் குறைவு என்பதால் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை ஏற்ற காலம். டிசம்பர், ஜனவரி விடியலில் நம் ஊர்க்காரர்கள் எதிர்பார்க்காத குளிர் இருக்கும், ஸ்வெட்டர் வேண்டும். மே மாதம் போனால் காலை ஒன்பதுக்கு மேல் கல் தரையில் கால் வைக்க முடியாது. நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மலைமேல் உள்ள புத்த வழிபாட்டுத் தலமான சேத்தியகிரி விகாரையின் திருவிழா. அன்று மட்டும் புத்தரின் சீடர்களான சாரிபுத்தர், மௌத்கல்யாயனர் அஸ்திகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். அதைப் பார்க்க வேண்டுமானால் அறையை வெகு முன்பே பிடித்துவிடுங்கள். சிற்பம் பார்க்க வருகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடலாம்.

இன்னொன்று: அடிவார அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மலை எல்லா நாளும் திறந்திருக்கும், அருங்காட்சியகம் இல்லை. பயணத்தைப் புதன் அல்லது சனியில் தொடங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

எடுத்துச் செல்ல வேண்டியவை சொற்பம். 8 மடங்கு பெரிதாக்கும் சிறிய தொலைநோக்கி. இது இல்லாவிட்டால் தோரணத்தின் (ஸ்தூபியின் கல் நுழைவாயில்) மேல் குறுக்குக்கற்களில் பாதி உங்களுக்கு இல்லை. ஒரு கைவிளக்கு. தையற்காரர் அளவு நாடா. மலைமேல் வாங்க ஒன்றும் கிடைக்காது என்று நினைத்துத் தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். கேமராவுக்குத் தடையில்லை. முக்காலி, டிரோன் இரண்டுக்கும் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும். வாசலில் கெஞ்சிப் பயனில்லை. 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு நுழைவுச்சீட்டு வேண்டாம்.

வெயிலின் கணக்கு

போபாலிலிருந்து வரும் சாலையில் கடகரேகையைத் தாண்டித்தான் சாஞ்சிக்கு வருகிறோம். மலை அந்தக் கோட்டுக்குச் சில கிலோமீட்டர் வடக்கே. ஆகவே சுற்றுலாப் பருவம் முழுவதும் சூரியன் தெற்கே சாய்ந்தே நகரும். பெரிய ஸ்தூபியின் நான்கு தோரணங்களும் நான்கு திசையைப் பார்ப்பதால், எதை எப்போது பார்ப்பது என்பதை இதுவே தீர்மானிக்கிறது.

கிழக்குத் தோரணத்தின் வெளிமுகம் காலை எட்டிலிருந்து பத்துவரை. குளிர்காலத்தில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் வெளிச்சம் சற்றுப் பக்கவாட்டில் விழும். புடைப்புச் சிற்பத்துக்கு அதுதான் வேண்டும். மேற்குத் தோரணம் இரண்டரையிலிருந்து ஐந்துவரை. தெற்குத் தோரணத்துக்கு நாள் முழுவதும் வெயில் இருந்தாலும் முற்பகலின் தொடக்கமும் மூன்று மணிக்கு மேலும்தான் நன்றாயிருக்கும்.

சிக்கல் வடக்குத் தோரணத்தில். நான்கில் அதுதான் மிக நன்றாக எஞ்சியிருக்கிறது, வாசலிலிருந்து வரும் பாதையிலும் அதுதான் முதலில் கண்ணில் படும். குளிர்காலத்தில் அதன் வெளிமுகத்துக்கு நேர் வெயிலே கிடையாது. பளிச்சென்ற வானத்தின் எதிரில் நிழலான கல். கைபேசி எடுக்கும் படத்தில் தோரணம் கறுப்புக் கோலாகிவிடும். இதற்கு வழி, வானம் படத்துக்குள் வராதபடி நெருங்கிப் போய்ப் பகுதி பகுதியாக எடுப்பது, அல்லது கல்லின் மேல் விரல் தொட்டு வெளிச்ச அளவைக் கூட்டிக்கொள்வது. கண்ணால் பார்க்க நிழல் ஒரு குறையே அல்ல. தொலைநோக்கிக்கு நிழல்தான் இதம். அதனால் நண்பகல் நேரத்தை வடக்குத் தோரணத்துக்கு ஒதுக்குங்கள்.

முதலில் கட்டடம், பிறகு சிற்பம்

தோரணங்களை நோக்கி ஓடுவதற்கு முன் ஸ்தூபியைக் கட்டிய வரிசையில் பார்த்துவிடுவது நல்லது. இன்று தெரிவது அசோகர் கட்டியது என்று வழிகாட்டிகள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அசோகர் காலத்தது உள்ளே மறைந்திருக்கும் செங்கல் ஸ்தூபி; இப்போதைய விட்டத்தில் ஏறக்குறைய பாதிதான். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில், சுங்கர் காலத்தில், அதைக் கல்லால் போர்த்திப் பெரிதாக்கினார்கள். மேல்தளம், வேலி, உச்சியில் உள்ள சதுர வேலியான ஹர்மிகை, குடைகள் எல்லாம் அதன் பிறகு. விட்டம் 36.6 மீட்டர், உயரம் ஏறத்தாழ 16.5 மீட்டர் ஆனது அப்போதுதான். நான்கு தோரணங்கள் கி.மு. 1-ஆம் நூற்றாண்டில், சாதவாகனர் காலத்தில் வந்தன. தோரணங்களைக் கடந்ததும் அண்டத்தின் (ஸ்தூபியின் அரைக்கோள உடல்) அடியில் உட்கார்ந்திருக்கும் நான்கு புத்தர் சிலைகள் குப்தர் காலத்தவை, கி.பி. 450-51-ஐச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று நான்கு புத்தர்கள் அமர்ந்திருக்கும் இடத்தைக் குறிப்பிடுகிறது. ஒரே இடத்தில் நின்றபடி எழுநூறு ஆண்டுகளின் வேலையைப் பார்க்கிறோம்.

கல்லின் நிறத்தையும் கவனியுங்கள். அண்டமும் வேலியும் பக்கத்து நாகௌரிக் குன்றின் கரடான கல். தோரணங்கள் மட்டும் விதிஷா அருகே உதயகிரியிலிருந்து வந்த, வெளிறிய, நுண்ணிய மணற்கல். நுட்பமான உளிவேலைக்கு உள்ளூர்க் கல் தாங்காது என்று தெரிந்து வேறு கல் தேடியிருக்கிறார்கள். தெற்கு வாசலருகே அடிப்பகுதி மட்டும் நிற்கும் அசோகர் தூண் இன்னும் தூரத்துச் சரக்கு: சுனார் மணற்கல், கண்ணாடி மெருகு. ஒரே கல்லாக 42 அடி உயரம் நின்றது. உள்ளூர் ஜமீன்தார் ஒருவர் கரும்பாலைக்காக அதை உடைத்தார் என்று, பிற்பாடு மலையைச் சீரமைத்த தொல்லியலாளர் மார்ஷல் எழுதிவைத்திருக்கிறார். உடைந்த துண்டுகள் பக்கத்திலேயே கூரையின் கீழ் கிடக்கின்றன. நான்கு சிங்கத் தலைப்பகுதி அருங்காட்சியகத்தில். அடித்துண்டில் உள்ள ஆணை, சங்கத்தைப் பிளக்கும் பிக்குவுக்கும் பிக்குணிக்கும் வெள்ளைத் துணி உடுத்தி வெளியே அனுப்ப வேண்டும் என்கிறது.

வேலியைப் பார்க்கும்போது தச்சுவேலை தெரிந்தவர்கள் நின்றுவிடுவார்கள். எண்கோணத் தூண்களில் துளை, அதில் இறங்கும் கழுந்து, தூணுக்குத் தூண் மூன்று குறுக்குக் கற்கள், மேலே உருண்ட முதுகுக் கல். மரத்தில் செய்து பழகிய இணைப்பை அப்படியே கல்லில் செய்திருக்கிறார்கள். சுண்ணாம்பு இல்லை, ஈயம் இல்லை. இணைப்புகள் தளர்ந்தால் வேலி சாயும், ஆனால் உடையாது. மீண்டும் நிறுத்த முடிந்ததற்கு அதுவே காரணம்.

உள்ளே நுழையும் வழி நேராக இல்லை, தோரணத்தைத் தாண்டியதும் வளைந்து திரும்ப வேண்டும். அங்கிருந்து வலமாக, கடிகாரம் சுற்றும் திசையில் போங்கள். கோயில் பிராகாரம் சுற்றிப் பழகியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் பள்ளிச் சுற்றுலாக் கூட்டம் எதிர்த் திசையில் வந்தால் குறுகிய பாதையில் நெரிசலாகும். தென்பக்கம் இரட்டைப் படிக்கட்டு மேல்தளத்துக்குப் போகிறது. அது திறந்திருந்தால் விடாதீர்கள்: தோரணக் குறுக்குக்கற்களின் உட்பக்கம் அங்கிருந்து அண்ணாந்து கழுத்து வலிக்காமல் தெரியும்.

இந்த ஸ்தூபியின் மிகப் பெரிய காயம் மனிதர்கள் செய்தது. 1818-இல் ஆங்கிலேயப் படை அதிகாரி ஜெனரல் டெய்லர் பார்த்தபோது மூன்று தோரணங்கள் நின்றுகொண்டிருந்தன. 1822-இல் புதையல் ஆசையில் அண்டத்தை ஒரு பக்கம் மேலிருந்து கீழ்வரை பிளந்தார்கள். பிளவில் மழைநீர் இறங்கியது. சாந்து இல்லாமல் அடுக்கிய கல் உள்ளிருந்து தள்ள, மேற்குத் தோரணமும் வேலியின் ஒரு பகுதியும் சரிந்தன. உள்ளே அஸ்திப் பேழை எதுவும் கிடைக்கவில்லை. ஸ்தூபிகள் அழியும் முறை எங்கும் இதுதான்: நடுவில் குழி, குழியில் தண்ணீர், தண்ணீரில் மரம், வேர் போன வழியில் பிளவு. சிதைந்த எந்த ஸ்தூபியையும் பார்க்கும்போது உச்சியில் பள்ளம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1880-களில் விழுந்த தோரணங்களை நிமிர்த்தினார்கள். 1912 முதல் 1919 வரை ஜான் மார்ஷல் செய்த பெரிய சீரமைப்புதான் இன்று நாம் காணும் மலை. நிமிர்த்தும்போது தெற்குத் தோரணத்தின் சில குறுக்குக்கற்கள் முன்பின் மாறிப்போயின. புத்தகத்தில் ‘வெளிமுகம்’ என்று போட்டிருக்கும் காட்சி உள்ளே இருந்தால் குழம்ப வேண்டாம்.

தோரணங்களைப் படிப்பது

எல்லாக் காட்சிகளையும் பார்க்க நினைத்தால் ஒன்றும் மனசில் நிற்காது. தோரணத்துக்கு இரண்டு போதும்.

அதற்கு முன் ஓர் அடிப்படை: இந்தத் தோரணங்களில் புத்தர் உருவமாக வருவதே இல்லை. வெற்று ஆசனம், போதி மரம், பாதச் சுவடு, சக்கரம், ஆளில்லாத குதிரைக்கு மேல் பிடித்த குடை, இவைதான் அவர். கூட்டமாக ஆட்கள் கைகூப்பி நிற்கும் இடத்தில் நடுவே காலியாக எது இருக்கிறதோ, அங்கே பாருங்கள். இன்னொன்று, ஒரே சட்டத்துக்குள் ஒரே ஆள் நாலைந்து முறை வருவார்; அடுத்தடுத்த நேரங்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன.

இரண்டையும் பழகக் கிழக்குத் தோரணத்தின் நடுக் குறுக்குக்கல்லே நல்ல பாடம். இடது ஓரம் கபிலவாஸ்து நகரம். அங்கிருந்து குதிரை கிளம்புகிறது. முதுகில் ஆள் இல்லை, மேலே குடை மட்டும். வலப்பக்கமாக மீண்டும் மீண்டும் அதே குதிரை. கடைசியில் குடை பாதச் சுவடுகளின் மேல் நிற்கிறது. குதிரை குடையின்றி வெறுமனே திரும்புகிறது. இதைப் பிரித்துப் படித்துவிட்டால் மற்றத் தோரணங்களில் பாதி தானாகப் புரியும். அதே தோரணத்தில், மாமரக் கிளையைப் பற்றித் தொங்கும் யட்சி எல்லாப் புத்தக அட்டையிலும் வந்தவள். அவளைப் போன்ற மற்றொருத்தியின் உடல் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வடக்கில் கீழ்க் குறுக்குக்கல்லின் இரு முகத்திலும் புத்தரின் முற்பிறவிக் கதையான வெஸ்ஸந்தர ஜாதகம் ஓடுகிறது: யானையைக் கொடுத்து, தேரைக் கொடுத்து, பிள்ளைகளைக் கொடுத்து. வெளிமுகத்தில் தொடங்கி உள்ளே போய்த் தொடர்கிறது, ஆகவே சுற்றி வந்து படிக்க வேண்டும். ஒரு தூணில் குரங்கு தேன் கிண்ணம் கொண்டுவந்து கொடுப்பதைத் தேடிப்பாருங்கள். குழந்தைகளோடு போனால் அதிலிருந்து தொடங்குவது நல்லது. மேற்கில் தூணின் மேல் பாரம் தாங்கும் தொந்திக் குள்ளர்கள். ஒருவர் முகம்போல் இன்னொருவர் முகம் இல்லை. அங்கேயே ஒரு தூணில் ஆற்றின் மேல் தன் உடலைப் பாலமாக நீட்டிய குரங்கரசன் கதை.

தெற்குதான் என் பார்வையில் மிகக் கனமானது. நடுக் குறுக்குக்கல்லில் அசோகர் ராமகிராம ஸ்தூபிக்கு வருகிறார், நாகர்கள் அதைக் காக்கிறார்கள். ஒரு தூணில் வாடும் போதி மரத்தைக் கண்டு மயங்கும் அரசரை இரண்டு அரசியர் தாங்கிப் பிடிக்கிறார்கள். அரசரை இப்படித் தளர்ந்த நிலையில் செதுக்கிய சிற்பியின் துணிச்சலை நின்று பார்க்க வேண்டும். விதிஷாவின் தந்தவேலைக்காரர்கள் இதைச் செதுக்கினார்கள் என்று சொல்லும் சிறு கல்வெட்டும் இந்த வாசலில்தான். யானைத் தந்தத்தில் இழைத்த கை என்பது மணிமாலைகளிலும் தலைப்பாகை முடிச்சுகளிலும் தெரியும். மேல் குறுக்குக்கல்லில் செதுக்கிய குட்டி ஸ்தூபியின் அண்டத்தில் இன்னொரு கல்வெட்டு: அரசன் ஸ்ரீ சாதகர்ணியின் கைவினைஞர் தலைவன் ஆனந்தனின் கொடை. தோரணங்களின் காலத்தைக் கணிக்க முக்கியச் சான்று இது. தொலைநோக்கி இல்லாமல் எழுத்து தெரியாது.

வேலி பேசுகிறது

பெரும்பாலானவர்கள் ஏறெடுத்தும் பார்க்காதது வேலியில் உள்ள எழுத்து. தூணுக்கு ஒருவர், குறுக்குக்கல்லுக்கு ஒருவர் என்று பணம் கொடுத்தவர்களின் பெயர் பழைய பிராமி எழுத்தில் வெட்டியிருக்கிறது. மலை முழுவதும் இப்படி 600-க்கு மேல். உஜ்ஜயினியிலிருந்து, விதிஷாவிலிருந்து, மாகிஷ்மதியிலிருந்து. வணிகர், நெசவாளர், குடும்பப் பெண்கள், பிக்குகள், அவர்களுக்குச் சற்றும் குறையாத எண்ணிக்கையில் பிக்குணிகள். ஏறக்குறைய எல்லாமே ‘தானம்’ என்று முடியும். 1837-இல் ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் பிரின்செப் பிராமியின் பூட்டைத் திறந்தது இந்த முடிவைப் பிடித்துக்கொண்டுதான்: இத்தனை குட்டிக் கல்வெட்டுகளும் ஒரே இரண்டு எழுத்தில் முடிந்தால் அது கொடையைத்தான் குறிக்கும் என்று ஊகித்தார்.

நீங்களும் கண்டுபிடிக்கலாம். வரியின் கடைசியில் படுத்த கோட்டின் மேல் ஒரு நேர்க்கோடு நிற்கும், அதன் வலப்பக்கம் ஒரு புள்ளி. அந்த எழுத்து ‘ந’, புள்ளியோடு ‘நம்’. தமிழ்ப் பிராமி பழகியவர்களுக்கு இது தெரிந்த வடிவம்தான். எழுத்து ஆழமில்லாததால் நேர் வெளிச்சத்தில் மறையும். கைவிளக்கைக் கல்லோடு ஒட்டி, பக்கவாட்டில் பிடித்தால் உடனே எழும்பும். சுண்ணக்கட்டியோ மாவோ பூசுவதை எந்த ஊரிலும் செய்யாதீர்கள். தூள் நுண்துளையில் தங்கி ஈரம் பிடிக்கும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் என்று 2010-இல் திருத்திய சட்டம் சொல்கிறது. தோரணங்களில் இன்னும் பழைய எச்சரிக்கை உண்டு: இந்தக் காகணாவத்திலிருந்து (சாஞ்சியின் பழைய பெயர்) கல்வேலையைப் பெயர்ப்பவன் பஞ்சமாபாதகம் செய்தவன் கதிக்குப் போவான்.

மற்ற இரண்டு ஸ்தூபிகள்

பெரிய ஸ்தூபிக்கு வடகிழக்கில், ஒற்றைத் தோரணத்தோடு இருப்பது 3-ஆம் எண் ஸ்தூபி. 1851-இல் ஆங்கிலேய அதிகாரிகளான கன்னிங்ஹாமும் மெய்சியும் நடுவில் குழி இறக்கியபோது இரண்டு கல்பெட்டிகள் கிடைத்தன. ஒன்றில் ‘சாரிபுதஸ’, மற்றதில் ‘மஹா மோகலானஸ’: புத்தரின் முதன்மைச் சீடர்கள் இருவர். அஸ்திகள் லண்டன் போய், திரும்பி, 1952-இல் மலைமேல் கட்டிய சேத்தியகிரி விகாரையில் சேர்ந்தன. விகாரை வழிபாட்டுத் தலம். செருப்பைக் கழற்றி, குரல் தணித்துப் போங்கள்.

2-ஆம் எண் ஸ்தூபிக்குப் பாதிப் பேர் போவதில்லை, அது மேற்குச் சரிவில் கீழே இருப்பதால். பெரிய இழப்பு. போகப் பத்து நிமிடம், திரும்பி ஏற இருபது. கல்படிகள் சமமில்லாதவை, முட்டிவலி உள்ளவர்கள் கைத்தடி கொண்டுபோவது நல்லது. மேலே தோரணங்களில் பண்பட்ட கையைப் பார்த்தபின் இங்கே அதற்கு முந்தைய தலைமுறையைப் பார்க்கலாம்: தோரணம் இல்லை, தட்டையான செதுக்கு, வேலித் தூண்களில் வட்டம் வட்டமாகத் தாமரை, யானை, மீன்வால் மிருகங்கள், குதிரைமுகப் பெண். கண் மட்டத்திலேயே எல்லாம் இருக்கிறது, தொலைநோக்கி வேண்டாம். வேலி முழு வட்டம் என்பதால் எந்த நேரம் போனாலும் ஒரு பக்கம் நல்ல வெயில் கிடைக்கும். இங்கே கிடைத்த கல்பெட்டிக்குள் நான்கு மாக்கல் பேழைகள், அவற்றில் பத்து ஆசான்களின் அஸ்தி. அந்தப் பெயர்களில் சில, அசோகர் காலத்தில் இமயத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் என்று இலங்கையின் பாலி வரலாற்று நூல்கள் சொல்லும் பெயர்களோடு பொருந்துகின்றன. அதே நூல்கள்தாம் அசோகர் மகன் மகிந்தர் இலங்கைக்குப் புறப்படுமுன் விதிஷாவில் தாயைப் பார்க்க வந்து மலைவிகாரையில் தங்கினார் என்றும் சொல்கின்றன.

மடாலய இடிபாடுகள்

2-ஆம் ஸ்தூபிக்கு இறங்கும் வழியில்தான் 51-ஆம் எண் மடாலயம். இடுப்பளவு சுவர் மட்டுமே இருப்பதால் ‘வெறும் கல்’ என்று தாண்டிப் போய்விடுவார்கள். மடாலயத்தைப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. முதலில் வாசலைப் பிடித்து உள்ளே போங்கள், சுவரைத் தாண்டி அல்ல. நடுவில் திறந்த முற்றம். அதைச் சுற்றித் திண்ணை. திண்ணைத் தூண்களின் அடிக்கல் இருக்கும் இடங்களை எண்ணுங்கள். திண்ணைக்கு அப்பால் வரிசையாகச் சிறு அறைகள். அறைக்குள் ஒருமுறை நின்றால் ஓர் ஆள் படுக்கும் இடம், ஒரு மாடம், அவ்வளவுதான் என்று தெரியும். வாசற்படிக் கல்லில் கதவுக் குடுமி சுழன்ற குழி இருக்கிறதா பாருங்கள். பிறகு முற்றத்தின் மிகத் தாழ்ந்த மூலை: மழைநீர் வெளியேறும் சாக்கடைத் துளை அங்கே இருக்கும். மழை கொட்டும் ஊரில் முற்றம் வைத்துக் கட்டிய எந்த மடாலயத்துக்கும் உயிர் அந்தத் துளைதான். அது அடைந்த கட்டடத்தில் முதலில் விழுவது அந்த மூலைச் சுவர். பக்கத்தில் கிடக்கும் பெரிய கல் தொட்டி பிக்குகளின் உணவைச் சேர்த்து வைத்துப் பகிர்ந்தது என்பார்கள்.

தெற்கே 17-ஆம் எண் கோயிலையும் 18-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். முன்னது தட்டைக்கூரை, நான்கு தூண் முகப்போடு குப்தர் காலச் சிறு கோயில். பின்னதன் தூண்கள் மட்டும் உயர்ந்து நிற்கின்றன; தரையில் பின்சுவர் அரைவட்டமாக வளைவது தெரியும், தூங்கானை மாடம் போன்ற வடிவு. பக்கத்து 40-ஆம் எண் கட்டடமும் அதே அமைப்பில் தொடங்கியது, இன்னும் பழையது. கிழக்கு மேட்டில் 45-ஆம் எண் கோயில் கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டு.  அங்கே போய் நின்றால் முழு வளாகமும் கீழே விரியும் என்பதால் முதல் நாள் மாலை அங்கேயிருந்து தொடங்குவதும் ஒரு நல்ல வழி.

செங்கல் அளக்க நாடா சொன்னேனே, அது இங்கேதான். பெரிய ஸ்தூபியின் மௌரியர் காலச் செங்கல் 40 × 25 × 7.5 செ.மீ. அளவில் இருந்தது. காலம் இறங்க இறங்கச் செங்கல் சிறுக்கும். கூர்மையான விளிம்போடு ஒரே நிறத்தில் இருப்பவை சீரமைப்பில் வைத்தவை. அளவு மட்டும் வைத்துக் காலம் சொல்லிவிட முடியாது, பழைய செங்கல்லைப் பெயர்த்து மறுபடி கட்டுவது அன்றும் வழக்கம்.

மலைக்கு வெளியே

கன்னிங்ஹாம் தோண்டியது சாஞ்சி மட்டும் அல்ல. சுற்றுவட்டாரத்தில் சத்தாரா, சோனாரி, அந்தேர், முரேல் குர்த் என்று நான்கு ஸ்தூபிக் குன்றுகள் உண்டு. நேரம் ஒன்றுக்குத்தான் என்றால் சத்தாரா. சாஞ்சிக்கு மேற்கே சாலை வழியாக 17 கி.மீ. அளவு, ஹலாலி ஆற்றின் பள்ளத்தாக்கு விளிம்பில், காட்டுக்குள். பெரிய ஸ்தூபி செங்கல் உள்ளும் கல் புறமுமாக உயர்ந்து நிற்கிறது. 1990-களில் யுனெஸ்கோ வழியாக வந்த ஜப்பான் நிதியில் சீரமைத்தார்கள். இங்கும் சாரிபுத்தர், மௌத்கல்யாயனர் பெயர் பொறித்த பேழைகள் கிடைத்தன. கூட்டம், கடை, கழிவறை எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

சோனாரி தென்மேற்கே சுமார் 10 கி.மீ., கடைசிப் பகுதி ஏறி நடக்க வேண்டும். அந்தேர் தென்கிழக்கே, செங்குத்துச் சரிவின் விளிம்பில் மூன்று ஸ்தூபிகள். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். முரேல் குர்த்தில் மலையின் படிப்படியான தட்டுகளில் ஸ்தூபிகள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. பழைய நூல்களில் அதற்குப் போஜ்பூர் என்று பெயர். ஓட்டுநரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போபாலுக்குத் தெற்கே உள்ள புகழ்பெற்ற சிவன் கோயிலில் கொண்டு இறக்கிவிடுவார். முரேல் குர்த் என்றே சொல்லி, வரைபடத்தில் இடத்தைக் காட்டுங்கள்.

இந்தப் பக்கம் முழுவதும் கரிசல் மண். மழைக்காலத்திலும், மழை பெய்த இரண்டு மூன்று நாளிலும் கிளைப்பாதையில் கார் இறங்கினால் சக்கரம் சுற்றிக்கொண்டே புதையும். காரைத் தார்ச்சாலையிலேயே நிறுத்தி நடப்பது மேல். கைபேசி சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். புல் உயரமாக இருக்கும் அக்டோபரில் மூடிய காலணி, முழுக்கால்சட்டை. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் எந்தக் குன்றுக்கும் கிளம்ப வேண்டாம்.

மிச்சமுள்ள அரைநாளில் உதயகிரிக் குடைவரைகளையும் பேஸ்நகரில் கிரேக்கத் தூதர் ஹெலியோடோரஸ் நிறுத்திய தூணையும் பார்க்கலாம். இரண்டும் விதிஷாவை ஒட்டியவை. தோரணக் கல் வெட்டிய மலை எது என்ற கேள்விக்கு உதயகிரியில் நின்றால் பதில் கையால் தொடும்படி இருக்கிறது. சென்னைக்காரர்கள் கிளம்புவதற்கு முன் ஒருமுறை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிக் கூடத்தைப் பார்த்துவிடுங்கள். வெளிர்பச்சைச் சுண்ணாம்புக்கல் பலகைகளில் முழு ஸ்தூபியையே செதுக்கியிருக்கிறார்கள்: வேலி, வாசல், குடை, கொடி, வலம் வரும் ஆட்கள். ஆந்திரத்து அமைப்பு சாஞ்சியிலிருந்து வேறு, வாசலில் தோரணத்துக்குப் பதில் ஐந்து தூண்கள் நிற்கும். ஆனாலும் மொட்டையாக நிற்கும் அண்டத்தின் மேல் எதையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பலகைகளில் தெரியும்.